பயிர் நோய் ஆய்வகத்தில் கோடை இன்டர்ன்ஷிப்: வழக்கமாக வரும் கேள்விகள்

இரண்டாம் ஆண்டு முடித்த கோடையில் எட்டு வாரம் ஒரு பயிர் நோய் ஆய்வகத்தில் இன்டர்னாக இருந்தேன். இப்போது அதே மாதிரி ஒரு லேபில்தான் வேலை. வருடாவருடம் புதிதாக மாணவர்கள் வருகிறார்கள். முகங்கள் மாறுகின்றன, கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

என் பாடம் தாவரவியல் இல்லை. விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், வேளாண்மை, விலங்கியல் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். இலைப் படங்களைக் கணினியில் வகை பிரிக்கும் வேலைக்கு, கணினி அறிவியல் மாணவர்களை எடுக்கும் லேபுகளும் உண்டு. பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ், நூற்புழு ஆகிய நான்கும் வெவ்வேறு என்ற தெளிவு இருந்தால் போதும், மிச்சத்தை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதில் சிரமம் இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூடி போட்ட சின்னத் தட்டில் வளரும் கிருமியின் நிறத்தைக் குறிக்கும் வேலையை இன்னொருவரோடு சேர்ந்து செய்தால் போயிற்று.

விண்ணப்ப மெயிலில் என்ன எழுதுவது?

நாலைந்து வரி போதும். "ஆராய்ச்சியில் தீராத ஆர்வம்" என்ற வரி எல்லா மெயிலிலும் இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. அந்த லேப் எந்தப் பயிரில், எந்த நோயில் வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு, அதில் உங்களுக்குப் புரியாத ஒன்றைக் கேள்வியாகவே எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், நடுவில் தேர்வு ஏதாவது வருமா என்பதையும் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதம் முன்பே அனுப்புவது நல்லது. பத்துப் பேருக்கு ஒரே மெயிலை அனுப்புகிறவர்கள் மேலே இருக்கும் பெயரையாவது மாற்றிவிட்டு அனுப்புங்கள். சிரிக்க வேண்டாம், நடக்கிறது.

முதல் வாரம் என்ன வேலை கொடுப்பார்கள்?

கண்ணாடிச் சாமான் கழுவச் சொல்வார்கள். அப்புறம் மீடியா, அதாவது கிருமிகளை வளர்க்கும் சத்துக்கூழ், தயாரிக்கச் சொல்வார்கள். இதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு முகம் வாடிவிடுகிறது. ஆனால் ஒருவர் மீடியா ஊற்றுவதைப் பத்து நிமிடம் பார்த்தால் போதும், அவரை நம்பி மற்ற வேலைகளைக் கொடுக்கலாமா என்று தெரிந்துவிடும்.

பூஞ்சைகளுக்கு அதிகம் பயன்படுவது பி.டி.ஏ. என்ற உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார். 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த நீர், 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 15 முதல் 20 கிராம் அகார், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர். ஆட்டோகிளேவில், அதாவது நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலனில், 121 டிகிரி செல்சியஸில், 15 பவுண்டு அழுத்தத்தில், 15 முதல் 20 நிமிடம். இவ்வளவும் புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது, எந்தச் சூட்டில் ஊற்றுவது என்ற கைப்பழக்கம். குடுவையைக் கையில் பிடிக்க முடிகிற சூடு, ஏறக்குறைய 50 டிகிரி. அதைவிடச் சூடாக ஊற்றினால் மூடி முழுக்க வேர்த்து, தண்ணீர் சொட்டிக் கெடுக்கும். நன்றாக ஆறவிட்டால் குடுவைக்குள்ளேயே கட்டியாகிவிடும். ஒரு தட்டுக்கு 20 மில்லி வைத்தால் ஒரு லிட்டரில் 50 தட்டு வரும். ஊற்றியவுடன் எல்லாவற்றையும் பயன்படுத்திவிடாமல் ஓரிரு நாள் சும்மா வைத்துப் பாருங்கள். வெறும் தட்டிலேயே ஏதாவது முளைத்தால் கோளாறு உங்கள் ஊற்றலில்.

நோய்வாய்ப்பட்ட இலையிலிருந்து கிருமியைப் பிரித்தெடுப்பது எப்படி?

இன்டர்ன்கள் அதிகம் எதிர்பார்த்து வருவது இதைத்தான். தக்காளி இலையில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புள்ளியின் நடுவில் வெட்டத்தான் எல்லோருக்கும் கை போகும். நடுப்பகுதி செத்துப்போன இடம், செத்த இலையைத் தின்ன வந்த கண்ட பூஞ்சையும் அங்கே குடியிருக்கும். வெட்ட வேண்டியது ஓரத்தில்: பாதி பழுப்பு, பாதி பச்சை வருகிற மாதிரி 3 முதல் 5 மில்லிமீட்டர் துண்டு. கிருமி முன்னேறிக்கொண்டிருப்பது அந்த எல்லையில்தான்.

துண்டுகளை 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம், தடித்த இலை என்றால் இரண்டு நிமிடம். பிறகு கிருமிநீக்கிய தண்ணீரில் மூன்று முறை அலசி, கிருமிநீக்கிய வடிதாளில் ஒற்றி எடுத்து, ஒரு தட்டுக்கு நான்கு துண்டு. மேற்பரப்பில் ஒட்டியிருப்பது சாக வேண்டும், உள்ளே இருப்பது பிழைக்க வேண்டும். நேரம் கூடினால் இரண்டுமே செத்துவிடும். அதனால் கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள், குத்துமதிப்பாக வேண்டாம். வடிதாளில் ஒற்றுவதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஈரத்தோடு வைத்தால் துண்டைச் சுற்றிப் பாக்டீரியா பளபளவென்று படர்ந்து, பூஞ்சை வெளியே வர வழியில்லாமல் போகும். பிறகு 25 டிகிரி அறையில் வைத்துவிட்டுத் தினமும் பாருங்கள். திறக்காமல் பாருங்கள்.

தட்டில் ஏதோ வளர்ந்துவிட்டது. அதுதான் நோய்க்குக் காரணமா?

அநேகமாக இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

என் முதல் தட்டில் நான்காம் நாள் அழகான பச்சைப் பூஞ்சை வந்தது. ஓடிப்போய் சீனியர் அக்காவிடம் காட்டினேன். அவர் தட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துவிட்டு, "நீ வைத்த துண்டு எங்கே இருக்கு, இது எங்கே இருக்கு, பாரு" என்றார். பச்சை வட்டத்தின் நடுப்புள்ளி, இலைத்துண்டிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி இருந்தது. இலையிலிருந்து வந்திருந்தால் இலையிலிருந்துதானே கிளம்பியிருக்க வேண்டும்? காற்றிலிருந்து விழுந்த பெனிசிலியம் அது.

இரண்டாம் முறை துண்டிலிருந்தே வெள்ளைப் பஞ்சுபோல் ஒன்று கிளம்பியது. அடியில் லேசான ரோஜா நிறம், நுண்ணோக்கியில் அரிவாள் வடிவ வித்துகள். ஃபியூசேரியம் என்ற பூஞ்சை என்று நோட்டில் பெரிதாக எழுதிக் கோடும் போட்டேன். ஆரோக்கியமான செடியில் தெளித்துப் பார்த்தால், வாரங்கள் போயும் ஒரு புள்ளிகூட வரவில்லை. செத்த இலையில் தங்கியிருந்த விருந்தாளி அது. மூன்றாம் முறை ஓரத்திலிருந்து இன்னும் சின்னத் துண்டாக எடுத்தபோதுதான் கருஞ்சாம்பல் நிறத்தில் மெதுவாக வளரும் ஒன்று வந்தது. குறுக்கும் நெடுக்கும் தடுப்புச் சுவர் உள்ள, கதாயுதம் மாதிரி வடிவ வித்துகள்: ஆல்டர்னேரியா என்ற பூஞ்சை. வேகமாக வளர்வது தட்டைப் பிடித்துக்கொள்ளும், உண்மையான ஆள் பெரும்பாலும் பின்னால் மெதுவாக வருவான்.

இதை உறுதிசெய்ய ராபர்ட் காக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1880களில் வகுத்த முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நோயுற்ற செடிகளில் அந்தக் கிருமி இருக்க வேண்டும். அதைத் தனியாகப் பிரித்து வளர்க்க வேண்டும். வளர்த்ததை ஆரோக்கியமான செடியில் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும். அந்தச் செடியிலிருந்து மறுபடி அதே கிருமி கிடைக்க வேண்டும். செலுத்தும்போது ஹீமோசைட்டோமீட்டர் என்ற கட்டம் போட்ட கண்ணாடியில் வித்துகளை எண்ணி, மில்லிக்கு ஒரு லட்சம் என்பது போன்ற ஓர் அளவில் வைத்துத் தெளிப்பார்கள். பிறகு ஒரு நாள், இரண்டு நாள் பாலித்தீன் உறை மூடி ஈரத்தில் வைக்க வேண்டும். பக்கத்திலேயே வெறும் தண்ணீர் தெளித்த செடிகளும் அதே உறைக்குள் இருக்க வேண்டும். அவை இல்லாமல் செய்த சோதனையைத் தூக்கிப் போடலாம்.

சோம்பல்பட்டு இதைக் குறுக்கே தாண்ட நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு வயல்கள் கருகி, அடுத்து வந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். இலையில் வெள்ளைப் பூசணம் இருந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. அழுகியதால் பூசணம் வந்தது என்றே பல அறிஞர்கள் வாதாடினார்கள். பூசணத்தால்தான் அழுகல் என்று ஆன்டன் டி பாரி என்ற ஜெர்மன் தாவரவியலாளர் சோதனை செய்து காட்டியது 1861இல். எது முன்னால், எது பின்னால் என்று பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது, செய்துதான் பார்க்க வேண்டும்.

எதுவுமே வளரவில்லை என்றால்?

அதுவும் ஒரு தகவல்தான். துரு நோய், சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய்க் கிருமிகளுக்கு உயிருள்ள செடி வேண்டும். சாதாரணத் தட்டில் நீங்கள் தலைகீழாக நின்றாலும் வராது. வைரஸும் அப்படியே, சாதா நுண்ணோக்கியில் தெரியவும் தெரியாது. செல் சுவர் இல்லாத பாக்டீரியாவான பைட்டோபிளாஸ்மாவும் இந்தக் கூட்டம்தான்.

இன்னொரு சாத்தியமும் உண்டு: அது நோயே இல்லாமல் இருக்கலாம். பழைய இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, இளம் இலைகள் முதலில் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு என்று சந்தேகப்பட வேண்டும். பக்கத்து வயலில் தெளித்த களைக்கொல்லி காற்றில் வந்து இலையைச் சுருட்டியிருக்கலாம். லேபுக்கு வரும் மாதிரிகளில் இந்த ரகம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். அதனால் மாதிரி கொண்டுவருபவரிடம் நிறைய கேளுங்கள்: வயல் முழுக்கவா, அங்கங்கே திட்டாகவா, என்ன தெளித்தார்கள், எப்போது தண்ணீர் பாய்ச்சினார்கள்.

பாக்டீரியா நோய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். திடீரென்று வாடிய தக்காளிச் செடியின் தண்டை அடிப்பக்கம் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுமுகம் தண்ணீரில் லேசாக முங்குகிற மாதிரி தொங்கவிடுங்கள். டம்ளரை அசைக்காதீர்கள். பின்னால் கறுப்புத் தாள் வைத்தால் இன்னும் நல்லது. சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து பால் நூல்போல வெள்ளையாக ஒன்று கீழே இறங்கும். ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா கோடிக்கணக்கில் வழிகிறது என்று அர்த்தம். பூஞ்சையால் வந்த வாடலில் இது வராது. முதல் தடவை பார்த்தபோது நான் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

தட்டில் வளர்த்த பாக்டீரியாவுக்கு 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சோதனை உண்டு. ஒரு சொட்டில் குழைத்து லூப் என்ற கம்பி வளையத்தைத் தூக்கினால், கிராம் நெகட்டிவ் என்ற பாக்டீரியா வகையாக இருந்தால் நூல் மாதிரி இழுபடும். செடிகளைத் தாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை இந்த வகை.

பி.சி.ஆர். கற்றுத்தருவார்களா?

டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் முறை அது. பெரும்பாலும் கற்றுத்தருவார்கள். பூஞ்சை என்றால் ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதியைப் பெருக்கி, அதன் வரிசையைத் தரவுத்தளத்தில் ஒப்பிடுவது வழக்கம். எல்லா மாணவருக்கும் இதில்தான் ஆசை, எனக்கு இதில்தான் பயம். திரையில் ஒரு பெயர் வந்ததும் கேள்வி முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். பி.சி.ஆர். சொல்வது, நீங்கள் கொடுத்தது என்ன என்பதை மட்டும். அது நோய் உண்டாக்கியதா என்பதை அல்ல. பச்சைப் பெனிசிலியத்தைக் கொடுத்தாலும் அதன் பெயரைப் பளிச்சென்று சொல்லும். அதோடு, ஃபியூசேரியம், ஆல்டர்னேரியா போன்றவற்றில் இனம் வரை பிரிக்க ஐ.டி.எஸ். மட்டும் போதாது.

மிகச் சிறு அளவில் திரவம் எடுக்கும் மைக்ரோபிப்பெட்டின் பொத்தானுக்கு இரண்டு நிறுத்தம் உண்டு: உறிஞ்ச முதல் நிறுத்தம், வெளியேற்ற இரண்டாவது. மாற்றிச் செய்தால் அளவு தப்பும். சாயம் கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் பழகிவிட்டு வாருங்கள்.

எட்டு வாரத்தில் முடிகிற திட்டம் எது?

சின்னது. நோய்ப்பூஞ்சைகளை அடக்கும் டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சையை நோய்ப்பூஞ்சையோடு ஒரே தட்டில் எதிரெதிரே வைத்துப் பார்ப்பது நல்ல தொடக்கம். 5 மில்லிமீட்டர் வட்டத்துண்டு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நோய்ப்பூஞ்சை மட்டும் உள்ள தட்டுகள் ஒப்பீட்டுக்கு. தனியாக வளர்ந்த ஆரத்திலிருந்து எதிரியோடு வளர்ந்த ஆரத்தைக் கழித்து, தனியாக வளர்ந்த ஆரத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் தடுப்புச் சதவீதம். ஒவ்வொன்றிலும் ஐந்து தட்டாவது வையுங்கள். தட்டில் தடுத்தது மண்ணிலும் தடுக்கும் என்று மட்டும் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

செடியில் சோதனை செய்யும் எண்ணம் இருந்தால் வந்த முதல் நாளே விதை போட்டுவிடுங்கள். கிருமியைப் பிரித்த பிறகு விதைக்கலாம் என்று இருந்தவர்கள், செடி நான்கு இலை விடும்போது சான்றிதழ் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

தப்பு செய்துவிட்டால்?

உடனே சொல்லுங்கள். நான் செய்ததைச் சொல்கிறேன்: 12 தட்டுகளில் பெயரை மூடியில் எழுதினேன். படம் எடுக்க எல்லா மூடிகளையும் ஒன்றாகத் திறந்து வைத்தேன். திரும்ப மூடும்போது எந்த மூடி எந்தத் தட்டுக்கு என்று தெரியவில்லை. ஞாபகத்தை வைத்துச் சமாளிக்கலாமா என்று ஒரு பத்து நிமிடம் யோசித்தேன். நல்லவேளை, வாயைத் திறந்துவிட்டேன். 12 தட்டும் குப்பைக்குப் போயின, இரண்டு வாரம் போயிற்று. திட்டு விழவில்லை. யோசித்தபடி சமாளித்திருந்தால் அதற்குப் பின் எழுதிய எல்லா எண்ணும் பொய்யாகியிருக்கும்.

பெயரைத் தட்டின் அடிப்பக்கம், ஓரத்தில், சின்னதாக எழுதுங்கள்: மாதிரி எண், மீடியா, தேதி, உங்கள் முதலெழுத்து. ஆல்கஹால் பட்டால் மார்க்கர் மை அழியும், அதனால் துடைத்த பிறகு எழுதுங்கள்.

லேப் நோட்டு எவ்வளவு விவரமாக இருக்க வேண்டும்?

நீங்கள் இல்லாதபோது இன்னொருவர் அதைப் பார்த்து வேலையைத் தொடர முடிகிற அளவு. பேனாவில் எழுதுங்கள், பென்சில் வேண்டாம். தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடியுங்கள், கீழே இருப்பது படிக்க முடிய வேண்டும். கோடு போட்டுப் பெரிதாக எழுதிய என் ஃபியூசேரியம் இன்னும் அந்த நோட்டில் அப்படியே இருக்கிறது.

உடம்புக்கு ஆபத்து உண்டா?

இலையைக் கொல்லும் கிருமிகளில் பெரும்பாலானவை மனிதரை ஒன்றும் செய்வதில்லை. விதிவிலக்குகள் உண்டு: சில ஃபியூசேரியம் வகைகள் கண்ணில் தொற்றும், வித்துத் தூசியால் சிலருக்கு ஒவ்வாமை வரும். ஆஸ்துமாவோ நோயெதிர்ப்புக் குறைபாடோ இருந்தால் வழிகாட்டியிடம் முன்பே பேசிவிடுங்கள். பழைய தட்டைத் திறந்து மோந்து பார்க்காதீர்கள்.

உண்மையான விபத்து வேறு இடத்தில். கையில் ஆல்கஹால் தடவிக்கொண்டு அது காயுமுன் பர்னர் பக்கம் போவது. மைக்ரோவேவில் அகாரை உருக்கி, குடுவையைச் சட்டென்று ஆட்டியதும் அது பொங்கிக் கையில் கொட்டுவது. யூ.வி. (புற ஊதா) விளக்கை அணைக்காமல், வடிகட்டிய காற்று வீசும் லேமினார் பெட்டிக்குள் கை விடுவது. இந்த மூன்றும் நான் கண்ணால் பார்த்தவை.

உதவித்தொகை கிடைக்குமா?

சில இடத்தில் உண்டு, பல இடத்தில் இல்லை. முதல் மெயிலிலேயே கேட்கலாம், தப்பில்லை. தங்குமிடத்தையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் வருமா?

எட்டு வார வேலைக்குப் பெரும்பாலும் நன்றியுரையில் வரும். ஆசிரியர் பட்டியலில் வரும் அளவு வேலை செய்ததாகத் தோன்றினால், கிளம்பும் முன்பே நேராகக் கேளுங்கள். பிறகு மனதுக்குள் புழுங்குவதில் பயனில்லை.

முடித்துவிட்டுப் போகும்போது ஒரு தட்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?

கூடாது. நண்பருக்குக் காட்ட ஒரு நாள் மட்டும் என்றாலும் கூடாது. கோதுமை பிளாஸ்ட் நோயை 1985இல் பிரேசிலில் கண்டார்கள். பல ஆண்டுகள் தென் அமெரிக்காவோடு நின்ற நோய் அது. 2016இல் வங்கதேச வயல்களில் தென்பட்டது. மரபணுவை ஒப்பிட்டபோது தென் அமெரிக்க வகையோடு பொருந்தியது. கடலைத் தானாகத் தாண்டி வந்திருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. உங்கள் தட்டுகளை ஆட்டோகிளேவில் போட்டுவிட்டுத்தான் எறிய வேண்டும். வைத்துக்கொள்ள வேண்டியவற்றைச் சாய்வு அகார் குழாய்களுக்கு மாற்றி, பெயர் எழுதி, பட்டியலோடு சீனியரிடம் ஒப்படைத்துவிடுங்கள். நினைவுக்குப் படம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், மூடியைத் திறக்காமல்.